டெல்டாவில் கிட்டார் அலமாரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி, நாகப்பட்டினம் பக்கம் கிட்டார் வாசிப்பவர்கள் நிறைய பேர். தேவாலயப் பாடகர் குழுவில் இருப்பவர்கள், திருவிழா மேடைகளில் மெல்லிசைக் கச்சேரி செய்பவர்கள், கல்லூரியில் கற்றுக்கொண்டு விடாமல் வைத்திருப்பவர்கள் என்று பல வகை. ஒன்று வாங்கி, இரண்டு வாங்கி, நாலைந்து சேர்ந்ததும் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: எங்கே பத்திரமாக வைப்பது? எங்கள் வீட்டில் ஆசாரியை வைத்து நான் அலமாரி செய்த பிறகு, அதைப் பார்த்தவர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை.

கிட்டாருக்குத் தனி அலமாரி எதற்கு? சுவரில் மாட்டினால் போதாதா?

தினமும் எடுத்து வாசிக்கிற ஒரு கிட்டாரை, ஓதம் இல்லாத உள்சுவரில் மாட்டலாம். தவறில்லை. ஆனால் நாலைந்து இருந்தால் எல்லாவற்றையும் தினமும் எடுக்க மாட்டோம். கை படாத கிட்டாரில்தான் டெல்டாவின் ஈரம் வேலை காட்டும்.

மரம் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும், விடும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாகவே நீடித்தால் மரத்துக்குள் ஏறக்குறைய 15 சதவீதம் நீர் சேர்கிறது. காற்றில் 50 சதவீதம் என்றால் மரத்தில் 9 சதவீதம் அளவில் நிற்கும். நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத மீட்டரை வைத்து 17 சதவீதம் தாண்டியதா என்று பார்ப்பார்களே, மரத்துக்கும் அதே மாதிரி கணக்குதான். அக்கூஸ்டிக் கிட்டார் செய்பவர்களில் பெரும்பாலோர் 45 முதல் 55 சதவீதக் காற்று ஈரப்பதத்தில் வைக்கச் சொல்கிறார்கள். அந்த அளவை மனதில் வைத்துத்தான் மேல்பலகையை இழைத்து ஒட்டுகிறார்கள். அந்தப் பலகையின் கனம் 3 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். ஈரம் ஏறினால் மரம் குறுக்குவாட்டில் விரியும், நீளவாக்கில் அவ்வளவாக விரியாது. பக்கங்கள் ஒட்டப்பட்டிருப்பதால் பலகைக்கு விரிய இடமில்லை. அது மேல்நோக்கி உப்பும், கூடவே கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜும் எழும், கம்பி விரல் பலகையிலிருந்து விலகும். ஐப்பசி, கார்த்திகையில் "திடீர்னு அழுத்தவே கஷ்டமா இருக்கு" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இணையத்தில் கிட்டாருக்கு ஈரம் கொடுக்கச் சொல்கிறார்களே?

அது குளிர்நாட்டுக்காரர்களுக்குச் சொன்னது. அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் போடுவதால் காற்று வறண்டு, மரம் சுருங்கி வெடிக்கும். அதனால் பஞ்சு நனைத்து உள்ளே தொங்கவிடுகிறார்கள். நமக்கு ஆண்டில் பெரும்பாலான நாள் பிரச்சினை நேர்மாறானது. டெல்டாவில் அலமாரியின் முதல் வேலை ஈரத்தை வெளியே நிறுத்துவது. இந்தப் பக்கத்தில் சொல்லும் எல்லாமே அந்த ஒரு நோக்கத்துக்காகத்தான். சித்திரை வெயிலில் நாள் முழுக்க ஏசி ஓடுகிற அறை மட்டும் விதிவிலக்கு. அங்கே காற்றின் ஈரப்பத மீட்டர் 40 சதவீதத்துக்குக் கீழே போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன அளவில் செய்வது?

முதலில் கிட்டாரை அளந்துவிட்டு அலமாரிக்குப் போங்கள். சாதாரண டிரெட்நாட் (பெரிய உடல் வகை) அக்கூஸ்டிக் ஏறக்குறைய 41 அங்குல நீளம், அடிவயிறு 16 அங்குல அகலம், உடல் கனம் 5 அங்குலம். எலெக்ட்ரிக் நீளம் 39, 40 அங்குலம், கனம் 2 அங்குலத்துக்குள். பேஸ் கிட்டார் 46, 47 அங்குலம் வரை வரும். பேஸ் இப்போது இல்லாவிட்டாலும் அதற்கு உயரம் விட்டுவிடுங்கள். பின்னால் உயரத்தைக் கூட்ட முடியாது.

முகத்தைக் காட்டி வரிசையாக நிறுத்தினால் அழகாக இருக்கும், ஆனால் இரண்டரை கிட்டாருக்கே சுவர் முழுக்கப் போய்விடும். புத்தகத்தை அடுக்குவது போல விலாப் பக்கம் கதவைப் பார்க்கும்படி நிறுத்துவதுதான் இடம் மிச்சம். அப்படி வைத்தால் அக்கூஸ்டிக் ஒன்றுக்கு 7 அங்குலமும், எலெக்ட்ரிக் அல்லது பேஸ் ஒன்றுக்கு 5 அங்குலமும் போதும். மூன்று அக்கூஸ்டிக், மூன்று எலெக்ட்ரிக், ஒரு பேஸ் என்றால் 41 அங்குலம். உள் அகலம் 42 அங்குலம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆழம் 20 அங்குலம். கிட்டார் நிற்கும் அறையின் உயரம் 52 அங்குலம். அதற்குக் கீழே ஈரம் உறிஞ்சும் தட்டுகளுக்கு 7 அங்குலம். பெட்டியின் மொத்த உயரம் 62 அங்குலம். கால்கள் 6 அங்குலம்.

இந்த அளவுக்கு 8-க்கு 4 அடி பிளைவுட்டில் 18 மில்லிமீட்டர் ஷீட் இரண்டும், பின்பக்கத்துக்கு 12 மில்லிமீட்டர் ஷீட் ஒன்றும் போதும். ஒரு ஷீட்டில் இரண்டு பக்கப் பலகைகளும் மேல்பலகையும் வரும். இன்னொன்றில் இரண்டு கதவுகளும் அடிப்பலகையும் வரும். கிட்டார் நிற்கிற தரைக்கு ஷீட் வேண்டாம். அதை ரீப்பர் சட்டங்களால் இடைவெளி விட்டு அடிக்க வேண்டும், கீழே உள்ள தட்டுகளுக்கும் மேலே உள்ள அறைக்கும் காற்று போய்வர.

தேக்கிலேயே செய்யலாமா? எங்கள் தோப்பு மரம் இருக்கிறது.

தேக்கு நல்ல மரம்தான், பூவரசும் வேம்பும் கூட நம் ஊரில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் தலைமுறைகளாக உழைத்தவை. ஆனால் தோப்பில் விழுந்த மரத்தை அறுத்ததும் அலமாரி செய்யாதீர்கள். பச்சை மரப் பலகை காற்றில் ஆற, ஓர் அங்குல கனத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு என்பது மரவேலையில் பழைய கணக்கு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்தபோது சாய்ந்த மரங்களை அறுத்து அடுக்கி வைத்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பலகை இப்போது நன்றாக ஆறியிருக்கும். அப்படி இருந்தால் சட்டம், ரீப்பர், பீடிங் (ஓரத்தில் அடிக்கும் மெல்லிய மரப்பட்டி), கால் எல்லாவற்றுக்கும் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

பெரிய பலகைகளுக்கு என் தேர்வு பிளைவுட்தான். தனி மரப் பலகை பருவத்துக்குப் பருவம் விரிந்து சுருங்கும், கதவு இடுக்கு மாறிக்கொண்டே இருக்கும். ஈரத்தைத் தடுக்கும் அலமாரிக்கு அது ஒத்து வராது. பிளைவுட்டில் ஐஎஸ் 710 முத்திரை உள்ளதை வாங்குங்கள், கடையில் மெரைன் பிளை என்று கேட்டால் தெரியும். ஐஎஸ் 303-இல் வரும் எம்ஆர் (ஈரத்தை ஓரளவே தாங்கும்) ரகம் விலை குறைவு, நம் ஊர் மழைக்குத் தாங்காது. எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு இரண்டையும் தொடவே வேண்டாம். அடியில் கொஞ்சம் ஈரம் பட்டால் உப்பிவிடும்.

மைக்கா ஒட்டுவதாக இருந்தால் கதவின் இரண்டு பக்கமும் ஒட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய உயரமான கதவு கொஞ்ச நாளில் வில்லாக வளையும். ஆசாரியார் "உள்பக்கம் எதுக்குங்க, யார் பாக்கப் போறா?" என்று கேட்பார். பொறுமையாகக் காரணத்தைச் சொல்லுங்கள், அவரே ஒத்துக்கொள்வார்.

கதவை எப்படி இறுக்கமாகச் செய்வது?

அலமாரியில் பாதி வேலை கதவுதான். கைக்காசு குறைவாக இருந்தால் மற்ற எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள், கதவில் வேண்டாம்.

சட்டத்துக்கு உள்ளே அடங்கி உட்காரும் கதவாக வைத்து, அது போய் முட்டுகிற இடத்தில் நான்கு பக்கமும் பீடிங் அடிக்க வேண்டும். பீடிங்கின் மேல் ரப்பர் பட்டை ஓடவேண்டும். இரண்டு கதவும் சேரும் நடு இடுக்கில்தான் எல்லோரும் கோட்டை விடுவார்கள். ஒரு கதவின் விளிம்பில் உள்பக்கமாகப் பட்டி அடித்து, அடுத்த கதவு அதன்மேல் அழுந்தும்படி செய்ய வேண்டும். ஒரு கதவுக்கு நான்கு கீல். காந்தத் தாழ் மட்டும் போதாது, அது கதவைப் பிடித்து வைக்குமே தவிர ரப்பரை அழுத்தாது. மேலும் கீழும் தாழ்ப்பாள் போட்டு இழுத்துப் பூட்டும்படி வையுங்கள்.

சோதனை எளிது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, எரியும் டார்ச்சை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துங்கள். வெளிச்சம் கசிகிற இடத்தில் காற்றும் கசியும். அப்புறம் ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் ரப்பர் அழுந்தவில்லை.

உள்ளே காற்றோட்டத் துளை போட வேண்டாமா?

துணி பீரோவுக்குப் போடலாம், இதற்குக் கூடாது. வெளியே 85 சதவீத ஈரக்காற்று இருக்கும்போது துளை வழியாக அதுதான் உள்ளே வரும். உள்ளே இருக்கும் காற்று சுற்றி வந்தால் போதும். அதற்குத்தான் ரீப்பர் தரை.

மூடி வைத்தால் மட்டும் ஈரம் குறைந்துவிடுமா?

குறையாது. மூடிய பெட்டி ஈரம் ஏறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். உள்ளே உறிஞ்சுவதற்கு ஏதாவது வேண்டும்.

இங்கே ஒரு கணக்கு முக்கியம். மேலே சொன்ன அளவு பெட்டிக்குள் இருக்கும் காற்றை 30 டிகிரி வெப்பத்தில் 80 சதவீதத்திலிருந்து 50 சதவீதத்துக்குக் கொண்டுவர நீக்க வேண்டிய நீர் ஏழெட்டு கிராம்தான். ஒன்றரை டீஸ்பூன். ஆனால் அலமாரியின் பிளைவுட் மட்டுமே 70, 80 கிலோ எடை வரும். அதன் ஈரம் 5 சதவீதம் இறங்க வேண்டுமென்றால் மூன்று, நான்கு கிலோ நீர் வெளியேற வேண்டும். புது அலமாரியில் ஈரம் உறிஞ்சும் மணிகளான சிலிக்கா ஜெல் வைத்து மறுநாளே மீட்டர் இறங்கவில்லை என்று பலர் சோர்ந்துபோவது இதனால்தான். உறிஞ்ச உறிஞ்ச மரம் விட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு இரண்டு வழி உண்டு. அலமாரியைப் பங்குனி, சித்திரையில் செய்யுங்கள், மரம் தானாகவே ஓரளவு வறண்டிருக்கும். அடுத்து, உள்ளும் வெளியும், வெட்டிய விளிம்புகளும் விடாமல் சீலர் அடித்துப் பாலியூரித்தேன் பூச்சு கொடுங்கள். பூச்சின் நெடி முழுதாகப் போகும்வரை கதவைத் திறந்து வைத்து ஆறவிட்ட பிறகே கிட்டாரை உள்ளே வையுங்கள்.

சிலிக்கா ஜெல் எவ்வளவு வேண்டும்? எப்படிக் காய வைப்பது?

இந்த அளவுக்கு இரண்டு கிலோவில் தொடங்கலாம். ஒரு கிலோ சிலிக்கா ஏறக்குறைய கால் கிலோ நீரைப் பிடிக்கும். நிறம் மாறும் ரகம் வாங்கினால் நிரம்பியதா என்று கண்ணிலேயே தெரியும். நீல நிறத்தில் வருவதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது நச்சு. வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள்.

வெயிலில் காய வைத்தால் சரியாக வராது. 110, 120 டிகிரி வெப்பம் வேண்டும். கேக் செய்யும் ஓவனில் தட்டில் பரப்பி இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறம் திரும்பிவிடும். ஆறியதும் மூடி இறுகும் டப்பாவில் போட்டுவிட வேண்டும், திறந்து வைத்தால் நம் ஊர்க் காற்றிலேயே நிரம்பிப்போகும். இரண்டு செட் வைத்துக்கொண்டால் ஒன்று உள்ளே, ஒன்று டப்பாவில் என்று மாற்றிக்கொள்ளலாம்.

அரிசி, உப்பு, அடுப்புக்கரி வைக்கலாமா?

வேண்டாம். கடை அரிசியே 13, 14 சதவீத ஈரத்தோடுதான் இருக்கிறது, அது எங்கே உறிஞ்சும்? வண்டு வேறு வரும். உப்பு மழைக்காலத்தில் கசிந்து கம்பியையும் டியூனிங் கீயையும் அரிக்கும். கால்சியம் குளோரைடு டப்பாக்கள் நன்றாக உறிஞ்சும், ஆனால் அடியில் சேரும் திரவம் ஒரு முறை சிந்தினால் மரமும் உலோகமும் போய்விடும். கரி போதுமான அளவு உறிஞ்சாது.

மின்சாரத்தில் ஓடும் கருவி வைத்தால் என்ன?

கீழ் அறையில் 18, 20 வாட் சூடேற்றும் குழாய் ஒன்று வைக்கலாம். அது நீரை நீக்காது, காற்றைச் சூடாக்கும். சூடான காற்றுக்கு ஈரம் கொள்ளும் அளவு கூடுவதால் ஈரப்பதச் சதவீதம் இறங்கும். 30 டிகிரியில் 80 சதவீதமாக இருக்கும் காற்றை 33 டிகிரிக்கு ஏற்றினால் 67-க்கு வந்துவிடும். சிலிக்காவின் வேலை பாதி குறையும். செலவு நாளொன்றுக்கு அரை யூனிட்டுக்கும் குறைவு. குண்டு பல்பு வேண்டாம், ஒரே இடத்தில் சூடு குவியும்.

ஆனால் மின்சாரத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். புயலும் அடைமழையும் வரும் நாளில்தான் உலர வைப்பது தேவை, அந்த நாளில்தான் கரண்ட் இருக்காது. கஜாவுக்குப் பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அதனால் புரட்டாசி முடிவதற்குள் சிலிக்காவைக் காய வைத்துத் தயாராக வைத்துவிடுவது என் வழக்கம்.

ஈரப்பத மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று எப்படித் தெரியும்?

வேதாரண்யத்து உப்பு போதும், ஆய்வகம் தேவையில்லை. ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் குழையுங்கள். கரைந்துவிடக் கூடாது. அதையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவுக்குள் வைத்து இரவு முழுக்க விடுங்கள். ஈர உப்புக்கு மேல் உள்ள காற்று 75 சதவீதத்தில் நிற்கும், இது இயற்பியல் விதி. மீட்டர் 70 காட்டினால், அது எப்போதும் 5 குறைத்துக் காட்டுகிறது என்று எழுதி ஒட்டிவிடுங்கள். மீட்டரைக் கதவில் அல்லாமல், உள்ளே கிட்டாரின் இடுப்பு உயரத்தில் மாட்டுங்கள். கதவில் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு பதித்தால் திறக்காமலே பார்க்கலாம்.

கிட்டாரை நிறுத்துவதா, தொங்கவிடுவதா?

இரண்டும் சரி. நான் நிறுத்துவதையே விரும்புகிறேன். அடியில் மெத்தென்ற பட்டை, கழுத்துக்குப் பின்னால் குறுக்குச் சட்டத்தில் வெட்டிய பள்ளம். கழுத்து தொடும் இடத்தில் ரப்பரோ ஃபோமோ நேராகப் படக் கூடாது. நைட்ரோசெல்லுலோஸ் வார்னிஷ் அடித்த கிட்டார்களில் அது வினைபுரிந்து பிசுபிசுத்த தழும்பை விட்டுவிடும். துவைத்துத் துவைத்து மென்மையான பழைய பருத்தி வேட்டித் துணியை மடித்துச் சுற்றினால் பிரச்சினையே இல்லை. துணி உறையோடு உள்ளே வைக்காதீர்கள், உறை கொண்டுவரும் ஈரம் போதும். மார்கழிப் பனியில் மேடையில் வாசித்துவிட்டு வந்தால் கம்பியைத் துடைத்து, அறையில் கொஞ்ச நேரம் வைத்த பிறகு உள்ளே வையுங்கள்.

நீண்ட நாள் எடுக்கப்போவதில்லை என்றால் கம்பியை ஒரு ஸ்வரம் அளவுக்குத் தளர்த்தினால் போதும்.

வீட்டில் எந்த இடத்தில் வைப்பது? கரையான் வருமே?

வடகிழக்குப் பருவமழை அடிக்கும் வடக்கு, கிழக்கு வெளிச்சுவர்களை விட்டுவிடுங்கள். சமையலறை, குளியலறைச் சுவரும் வேண்டாம். கூடத்தின் உள்சுவர் உத்தமம், அதிலும் சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி. பழைய செங்கல் வீடுகளில் ஓதம் தரையிலிருந்து மேலேறும், தள்ளி வைத்தால் அது அலமாரியைத் தொடாது. கரையான் மண்கோடு போட்டு ஏறினாலும் அந்த இடைவெளியில் கண்ணில் படும். கால்களைக் கருங்கல் துண்டின் மேல் நிறுத்துங்கள். எறும்புக்கு வைப்பது போலத் தண்ணீர்க் கிண்ணம் வைக்க வேண்டாம், இங்கே நாம் விரட்டுவதே ஈரத்தைத்தான். உள்ளே அந்துருண்டையும் வேண்டாம். நெடி மரத்தில் ஏறினால் போகாது.

வீணையையும் இதே அலமாரியில் வைக்கலாமா?

தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்தது, அதற்கும் ஈரம் ஆகாது. ஆனால் அதன் மெட்டுகள் மெழுகில் பதிந்திருக்கின்றன. சூடேற்றும் குழாய் உள்ள பெட்டியில் மெழுகு இளகி மெட்டு நகரும், சுருதி கெடும். வீணைக்குத் தனியாக, படுக்கை வசத்தில், சூடு இல்லாமல் சிலிக்கா மட்டும் வைத்த பெட்டி செய்யுங்கள். மிருதங்கத்தை இதில் வைக்கவே வேண்டாம், தோலுக்கு வேண்டிய பதம் வேறு.

வாடகை வீடு. மாற்றிக்கொண்டு போகும்படி செய்ய முடியுமா?

முடியும். பக்கப் பலகைகளை மேல், கீழ்ப் பலகைகளோடு ஒட்டாமல் போல்ட்டால் இணைக்கச் சொல்லுங்கள், பின்பலகையை ஸ்க்ரூவில் மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் மெல்லிய ரப்பர் பட்டை வைத்து இறுக்க வேண்டும், பசை போடாத இடுக்கில் காற்று புகும். கழற்றும்போது பலகைகளின் உள்பக்கத்தில் பென்சிலால் எண் போடுங்கள். புது வீட்டில் பூட்டியதும் டார்ச் சோதனையை மறுபடி செய்துவிட்டு, மீட்டர் 55-க்குக் கீழே இறங்கி இரண்டு நாள் அப்படியே நின்ற பிறகு கிட்டார்களை உள்ளே வையுங்கள்.